வெள்ளைபடுது என்றதும் புருஷனைக் கூப்பிடாதீர்கள்

போன வாரம் நாகர்கோவிலில் இளம் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பால்வினை நோய் வகுப்பு எடுத்தேன். கையுறை போடுங்கள், ஆணுறை கொடுங்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் நான் செய்த அதே சொதப்பல்களை அச்சு அசலாக அவர்களும் செய்கிறார்கள்.

வெள்ளைபடுதல் என்றாலே பால்வினை நோயா?

நோயாளியாக ஒருவரை நடிக்க வைத்து, "வெள்ள போவுது டாக்டரே" என்று சொல்லச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் உள்ளே பார்க்கவே இல்லை. பால்வினை நோய்களுக்கு அரசு நிறம் பிரித்துத் தரும் மருந்துப் பொட்டலங்களில் பச்சைக் கிட், கூடவே சாம்பல் கிட், அப்புறம் "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க", முடிந்தது.

எனக்கு எரிச்சல் வரக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு கடற்கரை ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் ஆழ்கடல் போட்டில் போயிருந்தார், கரைக்கு வர ஒரு மாதம் ஆகும். எனக்கோ வெளியே நீண்ட வரிசை. ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்க்காமலே, "இது அவர்கிட்டயிருந்து வந்திருக்கும், அவரும் மருந்து சாப்பிடணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்க மாப்பிள்ளையா டாக்டரே இத தந்தது?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன்.

கணவர் கரைக்கு வந்த அன்றே வீட்டில் சண்டை, இந்த அக்கா பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அரிப்பு தாங்காமல் திரும்ப வந்தபோதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தயிர் திரண்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை, சிவந்துபோன தோல். சுகர் பார்த்தால் 280. வெறும் காண்டிடா பூஞ்சை! சுகர் ஏறினால் வரும், கர்ப்பத்தில் வரும், சளிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் வரும். புருஷன் கடலில் இருந்தாலும் வரும். இதைப் பால்வினை நோய்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கணவனுக்கும் மருந்து கட்டாயம் என்பது டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கு, கொனோரியாவுக்கு, கிளமிடியாவுக்கு. கடைசி இரண்டும் கருப்பை வாயில் உட்காரும் நோய்கள், பல பெண்களுக்கு வெள்ளையே படாது. அதனால் வெள்ளையை மட்டும் வைத்து அவற்றைப் பிடிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. சிண்ட்ரோம் வைத்து, அதாவது டெஸ்ட் இல்லாமல் அறிகுறியை மட்டும் பார்த்து, மருந்து கொடுக்கும் முறையே வெள்ளைபடுதலில்தான் அதிகம் தடுமாறும்.

ஸ்பெகுலம் போட்டு, சீழ் கருப்பை வாயிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அமிலத்தன்மை காட்டும் பிஎச் பேப்பர் 4.5-ஐத் தாண்டினால் காண்டிடா மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். 10 சதவீத கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) ஒரு சொட்டு விட்டதும் மீன் நாற்றம் அடித்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ் (உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) பக்கம் யோசியுங்கள். (மீன்பிடி ஊரான குளச்சலிலிருந்து வந்த ஒருவர், "எங்க ஊர்ல எப்பவுமே அந்த வாசம்தானே சார்" என்றார். வகுப்பே சிரித்தது.) வெள்ளையை உப்புநீரில் கலந்த சலைன் ஸ்லைடை எடுத்த கையோடு மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். டீ குடித்துவிட்டு வந்தால் டிரைக்கோமோனாஸ் நீந்துவதை நிறுத்தியிருக்கும், நீங்களும் நெகட்டிவ் என்று எழுதிவிடுவீர்கள்.

பால்வினை நோய்தான் என்று உறுதியானாலும் "யார் தந்தது" என்ற பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். சில தொற்றுகள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். "இரண்டு பேரும் சாப்பிட்டால்தான் திரும்ப வராது" என்றால் போதும்.

வலிக்காத புண்

பிறப்புறுப்பில் புண் இருந்தும் வலிக்கவில்லையா? முதலில் சிபிலிஸை நினையுங்கள்.

விடிஆர்எல் 1:2

விடிஆர்எல் என்பது சிபிலிஸுக்கான முதல்கட்ட ரத்தப் பரிசோதனை. 1:2 என்று குறைந்த அளவில் வந்தால் பழைய, ஏற்கெனவே மருந்து எடுத்து முடித்த சிபிலிஸாக இருக்கலாம், பொய்யான பாசிட்டிவாகவும் இருக்கலாம். உறுதிப்படுத்தும் டெஸ்டான டிபிஹெச்ஏ பார்க்காமல் முத்திரை குத்தாதீர்கள். கர்ப்பிணி என்றால் மட்டும், இதற்குமுன் ஒழுங்காக ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லாதபோது, ரிசல்ட்டுக்காக நாளைக் கடத்த வேண்டாம், வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றும் என்று நம்பக்கூடிய மருந்து பென்சிலின் ஒன்றுதான்.

பென்சாதைன் ஊசி

சிபிலிஸுக்குப் போடும் பென்சிலின் ஊசி இது. 24 லட்சம் யூனிட், புட்டத்தில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி. மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். அலர்ஜி வந்தால் உடனே போட அட்ரினலின் டிரேயிலேயே இருக்கட்டும், அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுச் சாவி தேடாதீர்கள்.

டாக்சிசைக்ளின்

இந்த ஆன்டிபயாட்டிக்கை எழுதுமுன் கடைசியாக மாதவிலக்கான தேதியைக் கேளுங்கள், கர்ப்பமாக இருந்துவிடப் போகிறார்.