கட்டிக்குள் ரத்தக்குழாய் எவ்வளவு? எம்ஆர்ஐ அளவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பாளையங்கால்வாயில் ஒரு வாளிச் சாயத்தைச் சட்டென்று கொட்டினால், கீழ்மடையில் நிற்பவருக்கு நிறம் ஏறி இறங்குவது தெரியும். மூளைக்கட்டிக்கு எடுக்கும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐயும், அதாவது ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேனும், இப்படித்தான். கடோலினியம் மருந்து குழாய்களைக் கடக்கும்போது சிக்னல் விழுந்து எழும். அந்தப் பள்ளத்தின் பரப்பை வைத்து ரத்தக்குழாய்களின் கொள்ளளவைக் கணக்கிடுகிறோம்.

தவறு ஊசியிலேயே தொடங்கிவிடும். முக்கூடலிலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவருக்குப் புறங்கையில் நீல வென்ஃப்ளான் (மெல்லிய ஊசிக்குழல்) போட்டு அனுப்பியிருந்தார்கள். "அதான் ஊசி கிடக்குல்லா, திரும்பவும் குத்தணுமா தம்பி?" என்றார். குத்தத்தான் வேண்டியிருந்தது. மருந்து நொடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் போக வேண்டும். அதற்கு நீலம் சரிப்படாது. வலது முழங்கை மடிப்பில் அதைவிடப் பருமனான பிங்க் அல்லது பச்சை போட்டு, மருந்தின் பின்னாலேயே 20 மில்லி சலைன் தள்ளணும். மெதுவாகப் போனால் பள்ளம் ஆழமில்லாமல் பரந்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் மருந்தைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, கசிவைக் கண்டுகொள்ளாமல் விடுவது. கரை உடைந்து சாயம் வயலுக்குள் பாய்ந்தால் மடைக்கணக்கு பொய்யாகிவிடும் அல்லவா? வீரியமான கட்டிகளில் குழாய்ச் சுவர் ஒழுகும். வெளியேறிய கடோலினியம், டி1 விளைவு என்னும் பிரகாசமாக்கும் தன்மையால் சிக்னலைத் தூக்கும். பள்ளம் மேடாகி, கொள்ளளவு குறைவாக வந்து, பொல்லாத கட்டி சாதுவாகத் தெரியும். சில கட்டிகளில் நேர்மாறாக அளவு கூடியும் வரும். ஆகவே முன்கூட்டியே ஒரு பங்கு மருந்து கொடுங்கள், அல்லது ஃப்ளிப் ஆங்கிளை (ரேடியோ அலை காந்தத்தைச் சாய்க்கும் கோணத்தை) 30 டிகிரிக்குக் குறையுங்கள். மென்பொருளில் கசிவுத் திருத்தத்தையும் போடுங்கள். வண்ணப்படத்தில் மயங்குமுன் சிக்னல் வளைகோட்டைத் திறந்து பாருங்கள். பள்ளம் முடிந்த பிறகு கோடு பழைய மட்டத்தைத் தாண்டி மேலே நின்றால், அது கசிவு.

அளவெடுக்கக் கட்டியில் வட்டம் போடும்போது மேலோடும் பெரிய ரத்தக்குழாயைச் சேர்த்துவிடாதீர்கள். பழைய ரத்தக்கசிவு, ஆபரேஷன் கிளிப் அருகே வரும் எண்ணை நம்ப வேண்டாம். ஒப்பிட மூளையின் மறுபக்க வெள்ளைப்பகுதியை (ஒயிட் மேட்டர்) எடுங்கள். அளவு கூடியதாலேயே உயர்நிலைப் புற்று என்று எழுதிவிடவும் கூடாது. ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற மூளைக்கட்டி தாழ்ந்த நிலையிலேயே அதிகம் காட்டும்.

ஊசி வேகம், ஆங்கிள், திருத்தம் போட்டதா என்பதை ரிப்போர்ட்டின் அடியில் எழுதுங்கள். மதுரையில் ஒரு முறையில் எடுத்த 2.1 என்ற அளவை இங்கே வேறு முறையில் எடுத்த 2.8-உடன் வைத்து, கட்டி மறுபடி வளர்கிறது என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல முடியாது.