ஆங்கிலத்தில் ஒரு சொல், நோர்ஸ்க்கில் மூன்று நாலு: அடிக்கடி நடக்கும் தவறுகள்

நோர்வேயில் அந்நாட்டு மொழியான நோர்ஸ்க் படிக்கிற நம்மவர்களில் பலர், சொல்ல வந்ததை முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு சொல்லுக்குச் சொல் மாற்றிப் பேசுகிறார்கள். பிழை நுழைவது பெரும்பாலும் அங்கேதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் நாலு அர்த்தத்துக்கு வரும், நோர்ஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டால் இலக்கணம் சரியாக இருக்கும், அர்த்தம் வேறெங்கோ போய்விடும்.

அதிகம் பேர் சறுக்குவது 'ஐ திங்க்' என்பதில். ஒரு வீட்டில் விருந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு "யை த்ரூர் மாத்தன் ஆர் கூ" என்கிறீர்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று பாராட்டத்தான் நினைத்தீர்கள், ஆனால் கேட்பவருக்கு "நன்றாக இருக்கும் போல" என்று ருசி பார்க்காமலே ஊகித்த மாதிரி விழும். அங்கே வர வேண்டியது 'சீனெஸ்'. நீங்களே பார்த்து, ருசித்து, உங்களுக்கு எப்படிப் பட்டது என்று சொல்ல 'சீனெஸ்'. நாளைக்கு மழை வரும், பஸ் போய்விட்டது, அவருக்கு 40 வயது இருக்கும் என்று பிறகு சரிபார்க்கக்கூடிய ஊகத்துக்கு 'த்ரூர்'. பள்ளிக்கூடத்தில் கைபேசியைத் தடைசெய்ய வேண்டும் என்பது போன்ற நிலைப்பாட்டுக்கு 'மேனர்', மனம் ஒன்றையே சுற்றிக்கொண்டிருந்தால் 'தெங்கர்'. தமிழிலும் நாம் எல்லாவற்றுக்கும் 'நினைக்கிறேன்' என்றே சொல்லிவிடுவதால், இந்த இடத்தில் தமிழும் கைகொடுக்காது, பழகித்தான் வர வேண்டும்.

'தெரியும்' என்பதும் அப்படித்தான். ஒரு தகவல் தெரிந்தால் 'வேத்', ஆளைத் தெரிந்தால் 'ஷென்னர்', மொழி தெரிந்தால் 'கன்'. "யை வேத் நோர்ஸ்க்" என்று யாரும் சொல்வதில்லை, "யை கன் நோர்ஸ்க்" தான்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் கைவிடுவதில்லை. ஆங்கில 'ஃப்ரீ'யை எடுங்கள். காசில்லாமல் கிடைப்பது 'கிராதிஸ்', வேலைக்கு விடுமுறை என்றால் 'ஃப்ரீ', ஆள் இல்லாத இருக்கை 'லேதி'. ரயிலில் பக்கத்து இருக்கை காலியா என்று கேட்க 'லேதி' போதும், கழிப்பறைக் கதவிலும் அதேதான் எழுதியிருக்கும். இன்று மாலை ஃப்ரீயா என்று கேட்க நினைத்து ஒருவரிடம் "ஆர் தூ கிராதிஸ்?" என்றால், நீங்கள் இலவசமா என்று கேட்டதாக ஆகிவிடும்! இலவசம், லீவு, காலி என்று தமிழில் யோசித்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. பாட்டி விஷயத்தில் இன்னும் சுலபம்: 'மூர்மூர்' அம்மம்மா, 'ஃபார்மூர்' அப்பம்மா. ஆங்கிலம் வழியாகப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

'டைம்' மோசமானது, ஏனென்றால் எழுத்தில் அச்சு அசல் அதே போன்ற 'தீமெ' என்ற சொல் நோர்ஸ்க்கில் இருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம், பள்ளியில் ஒரு பாடவேளை, டாக்டரிடம் பதிவுசெய்த நேரம் என்று அர்த்தம். மூன்று முறை என்பதற்கு 'த்ரே கங்ஙர்', மணி என்ன என்று கேட்க 'க்லொக்கா' வர வேண்டும்.

'கோ' என்றவுடன் 'கோர்' போடுவதும் பரவலான தவறு. ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலிலேயே ஏறக்குறைய 7 மணி நேரம், "யை கோர் தில் பெர்கன்" என்றால் நடந்தே போகிறீர்கள் என்றுதான் எடுப்பார்கள். ஆட்கள் பயணம் போனால் 'ரைசர்' அல்லது 'த்ரார்'. ரயிலோ பஸ்ஸோ புறப்படுவதற்கு 'கோர்' சரிதான்.

ஆங்கில 'வென்' (நடந்தபோது, நடக்கும்போது என்பது) இரண்டாகப் பிரியும். முன்பு ஒரே ஒரு தடவை நடந்தது 'தா', திரும்பத் திரும்ப நடந்ததும் இனி நடக்கப்போவதும் 'நோர்'. "தென் கங் தா, வேர் கங் நோர்" (அந்த ஒரு தடவை 'தா', ஒவ்வொரு தடவையும் 'நோர்') என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். நோர்வேக்காரர்களே இதில் தவறுவதுண்டு.

சந்தேகம் வந்தால் தனிச் சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் போடாதீர்கள், முழு வாக்கியத்தைப் போடுங்கள். பிறகு கிடைத்த நோர்ஸ்க் சொல்லை, அங்குள்ள மொழி மன்றமும் பெர்கன் பல்கலைக்கழகமும் இணையத்தில் இலவசமாகத் தரும் புக்மோல் (நோர்ஸ்க்கின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்று) அகராதியில் தேடி, அர்த்தத்தை விட்டுவிட்டு முதலில் உதாரண வாக்கியங்களைப் பாருங்கள். உங்கள் வாக்கியத்தைப் போல ஒன்றுகூட அதில் இல்லை என்றால், பெரும்பாலும் அது நீங்கள் தேடிய சொல் இல்லை.