மில்டனைப் படிக்க ஒரு வழி

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம் வந்ததுமே பலர் கைடைத் தேடுகிறார்கள். முதலில் மூலத்தைத் திறங்கள். வரி முடிவில் நிற்காமல் முற்றுப்புள்ளிவரை போங்கள். முதல் வாக்கியமே 16 வரி. அதன் முக்கிய வினைச்சொல்லான 'சிங்' (பாடு) 6ஆம் வரியில்தான் வருகிறது. அந்த வினையைக் கண்டுபிடித்துப் பென்சிலால் கோடிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். பார்வை இழந்த மில்டன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய காவியம் இது. காதில் விழுந்தால்தான் அதன் அழகே தெரியும். லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் ஒலிப்பதிவும், புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் நூலும் இலவசம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் (NET) தேர்வு எழுதுபவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1667 முதல் பதிப்பில் 10 பகுதிகள், 1674 பதிப்பில் 12.