கச்சேரி மேடைக்குச் சாய்தளம்: பந்தல்காரரிடம் முன்பே பேச வேண்டியவை

சக்கர நாற்காலியில் வரும் பாடகரைத் திருவிழாக் கச்சேரிக்கு அழைத்தால், "நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டுடலாம்" என்று விழாக்குழுவில் யாராவது சொல்வார்கள். அது வேண்டாம். பிடி நழுவினால் கலைஞரும் விழுவார், தூக்கியவரும் விழுவார். விழாவிட்டாலும், ஊர் பார்க்கத் தூக்கி வைக்கப்பட்டவர் அடுத்த நிமிடமே கச்சேரியின் தொடக்கப் பாட்டான வர்ணத்தை எடுப்பது எவ்வளவு சிரமம்! மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தரும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் தஞ்சாவூரானாலும் மயிலாடுதுறையானாலும் மேடை போடுவது பந்தல்காரர். அவரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பேசிவிடுங்கள்.

முதலில் உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். மூன்றரை அடி மேடைக்கு 42 அடி. நடுவில் நின்று மூச்சு வாங்க 5 அடிச் சமதளம் வேறு. சன்னதித் தெருவில் அவ்வளவு இடம் கிடைக்காது. மேடையை 2 அடியாகக் குறைத்தால் 24 அடி போதும். 8-க்கு 4 அடி ப்ளைவுட் மூன்று தாள், முக்கால் அங்குல கனம். இடம் போதவில்லை என்று சரிவைச் செங்குத்தாக்கினால் நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும்.

அடியில் இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். இரண்டு தாள் சேரும் இடம் கட்டாயம் சட்டத்தின் மேல் வர வேண்டும். இல்லையென்றால் ஒரு விளிம்பு அமுங்கி மற்றது தூக்கிக்கொண்டு நிற்கும். தரையில் முடியும் இடத்தில் ப்ளைவுட்டின் கனமே ஒரு குட்டிப் படியாகிவிடும். அதன் மேல் தகடு அடித்துச் சரித்துவிடுங்கள். இருபுறமும் சக்கரம் வெளியே போகாமல் 3 அங்குல ரீப்பர் கட்டை, 3 அடி உயரத்தில் கைப்பிடி.

மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் வெறும் ப்ளைவுட் வழுக்கும். தென்னைநார் விரிப்பை இழுத்து ஆணி அடியுங்கள். ஜமக்காளம் மட்டும் கூடாது. முன்சக்கரம் சிறியது, ஜமக்காளத்தின் ஒரு மடிப்பு போதும், சக்கரம் குறுக்கே திரும்பி நாற்காலி அப்படியே நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சாய்தளம் வரைக்கும் பலகை வேண்டும். நம் வண்டல் மண் ஒரு தூறலுக்கே சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கோயிலுக்குள் மேடை என்றால், சக்கரத்தைக் கழுவித் துடைத்து உள்ளே வரலாமா என்று அலுவலகத்தில் முன்பே பேசி முடியுங்கள். வாசலில் கலைஞரை நிறுத்தி வாதாட வைக்காதீர்கள்.

மேடையில் பலரும் மறப்பது பக்கவாத்தியம். பாடகர் நாற்காலியில் ஒன்றரை அடி உயரத்தில் இருப்பார், மிருதங்கம் தரையில் இருக்கும். தாளம் போடும் கை வாசிப்பவர் கண்ணுக்குச் சரியாகப் படாது. மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாட்டை மறுபடி தொடங்கும் எடுப்புக்கு வரும்போது தடுமாறும். பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒன்றரை அடித் திண்ணை போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே மட்டம். மேடையில் நாற்காலி திரும்புவதற்கு 5 அடிக்கு 5 அடி காலியாக விடுங்கள்.

பார்வையற்ற கலைஞருக்குச் சாய்தளத்தைவிட ஒத்திகை முக்கியம். கூட்டம் சேருமுன் மேடையில் ஒருமுறை நடக்கவிட்டு, மைக், சுருதிப்பெட்டி, தண்ணீர் எங்கே என்று கையால் தொட்டுப் பார்க்கவிடுங்கள். பிறகு எதையும் நகர்த்தக் கூடாது. மேடை விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே, விரிப்புக்கு அடியில் ஒரு தேங்காய்க் கயிற்றை ஓட்டினால் பாதம் எல்லையைக் கண்டுகொள்ளும். மைக் வயர் நடக்கும் வழியில் குறுக்கே போகக் கூடாது.

செவித்திறன் குறைந்த நடனக் கலைஞர் என்றால் நட்டுவாங்கம் செய்பவரை (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துபவரை) அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார வையுங்கள். அந்தக் கைகள் மேல் விளக்கு விழட்டும்.

சம்பாவனை, அதாவது கலைஞருக்கான சன்மானம், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு. அறிவிப்பில் அவர் குருவையும் பாணியையும் சொல்லுங்கள், உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடைசிப் பாட்டான மங்களம் முடிந்ததும் பந்தல் ஆட்கள் முதலில் கழற்றுவது ஓரத்தில் இருக்கும் சாய்தளத்தைத்தான். கலைஞர் கீழே இறங்கி வண்டி ஏறும் வரை அதில் கை வைக்கக் கூடாது, அந்தப் பக்கத்து விளக்கையும் அணைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லி, ஒருவரை அங்கேயே நிறுத்துங்கள்.