புரியாமலே "யெஸ், யெஸ்" சொல்வதும் இன்னும் சில தவறுகளும்

ஆங்கிலத்தில் எதிராளி வேகமாகப் பேசிக்கொண்டே போக, பாதி புரியாமல் நாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. கேட்டால் நம் ஆங்கிலத்தை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அவசியமே இல்லை, ஏனென்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் ஒருவரையொருவர் நிறுத்திக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆங்கிலம் உட்பட 12 மொழிகளின் அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வு ஒன்றில், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது யாரோ ஒருவர் "என்ன?", "யாரு?" என்று கேட்டு விஷயத்தைச் சரிசெய்துகொள்வது தெரியவந்தது.

சரி, கேட்கத் துணிந்துவிட்டோம். அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் "வாட்?" அல்லது "சாரி?" என்றே கேட்பது. அதை வைத்து எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. காதில் விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா, புரிந்தும் நம்ப முடியவில்லையா? எதற்கும் இருக்கட்டும் என்று முழு வாக்கியத்தையும் திரும்பச் சொல்வார், நமக்குத் தெரியாத அந்த ஒரு சொல் மறுபடியும் ஓடிப்போய்விடும். "வீ ஷுட் செண்ட் இட் டு தெம் பை தர்ஸ்டே" என்கிறார் என்று வையுங்கள். யாருக்கு என்பது மட்டும் தெரியவில்லை என்றால் "செண்ட் இட் டு ஹூ?" போதும். ஓரளவு ஊகிக்க முடிந்தால் இன்னும் நல்லது: "யூ மீன் த கிளையண்ட்?" அவர் "யா" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். புரிந்த பகுதியை நாமே எடுத்துச் சொல்லிக் கேட்கும்போது அவர் வேலை பாதியாகக் குறைகிறது. மேலே சொன்ன ஆய்வில் மக்கள் இயல்பாகவே இப்படித்தான் கேட்கிறார்கள், தங்களால் முடிந்தவரை குறிப்பாக. மொட்டையான "சாரி?" ஒன்றுமே பிடிபடாதபோது மட்டும். போனில் என்றால் "சாரி, ஐ லாஸ்ட் யூ ஆஃப்டர் தர்ஸ்டே" என்று எந்த இடத்தில் விட்டோம் என்பதையே சொல்லிவிடலாம்.

எண்களில் மட்டும் இந்த உத்தி காலை வாரிவிடும். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் "ஃபிஃப்டீன்?" என்று கேட்க, அவர் காதில் அது "ஃபிஃப்டி" என்று விழ, "யெஸ்" என்பார்; இரண்டு பேரும் நிம்மதியாக வெவ்வேறு எண்ணோடு வீட்டுக்குப் போவார்கள். "ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று பிரித்துக் கேளுங்கள். "நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்பதும் இந்த ரகம்தான், சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கடுத்த வெள்ளி. தேதியைச் சொல்லச் சொல்லிவிடுவது நல்லது.

தொனியிலும் வம்பு உண்டு. அவர் சொன்ன தொகையையே குரலை உயர்த்தி "ஃபிஃப்டி?" என்றால், காதில் விழவில்லை என்று அவர் எடுத்துக்கொள்வதில்லை, அதிகம் என்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு காரணம் சொல்ல ஆரம்பிப்பார். "சாரி, டிட் யூ சே ஃபிஃப்டி?" என்றால் அந்தச் சந்தேகம் வராது.

அவர் தவறாகச் சொல்கிறார் என்றே தெரிந்தாலும், "நோ, இட்ஸ் டியூஸ்டே" என்று முகத்தில் அடித்தாற்போல் திருத்தாதீர்கள். உரையாடல் ஆய்வாளர்களான ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது: பேசுகிறவரே தன்னைத் திருத்திக்கொள்ளும்படிதான் உரையாடல் அமைகிறது, கேட்பவர் பெரும்பாலும் இடத்தைச் சுட்டுவதோடு நிற்கிறார். "தர்ஸ்டே?" என்று லேசாக இழுத்தாலே போதும், "ஓ சாரி, டியூஸ்டே" என்று அவரே சொல்லிவிடுவார். சாதாரணமாகப் பதில்கள் 200 மில்லி செகண்ட் இடைவெளியில் வந்து விழுகின்றன, ஆனால் இப்படிச் சுட்டும் சொல் அதைவிடத் தாமதமாகத்தான் வருகிறது. அந்தச் சின்ன மௌனமே ஒரு சைகை. நீங்கள் பேசும்போது எதிரே அப்படி ஒரு மௌனம் விழுந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

தமிழ் பேசுகிறவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. "ஸோ யூ ஆர் நாட் கமிங்?" என்று உறுதிப்படுத்தக் கேட்கிறார். நாம் "ஆமாம், வரலை" என்ற நினைப்பில் "யெஸ்" என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு வரவில்லை என்றால் "நோ"தான். வெறும் "யெஸ்" அவரைக் குழப்பும், சில சமயம் வருகிறோம் என்றே எழுதிக்கொள்வார். எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் "நோ, ஐயம் நாட் கமிங்" என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

சொல்பவராக இருக்கும்போது செய்யும் தவறு, அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்வது. ஒரு தடவை திரும்பச் சொல்லிப் பலிக்கவில்லை என்றால் வேறு சொற்களில் சொல்லுங்கள். "டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, அதற்கு யாரும் "நோ" என்று சொல்வதில்லை, கேட்கும் விதமும் வாத்தியார் போல இருக்கும்.

அப்புறம், தவறாகப் புரிந்துகொண்டது நாலு வாக்கியம் தாண்டித்தான் தெரிகிறது என்றால் நேரம் போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பேசியவர் "நோ, ஐ மென்ட் த அதர் ஒன்" என்று திரும்பிப் போகலாம், கேட்டவர் "ஓ, ஐ தாட் யூ மென்ட் த ஃபர்ஸ்ட் ஒன்" என்று சொல்லலாம், இரண்டும் ஆங்கிலத்தில் சர்வ சாதாரணம். அந்த "ஓ"வை முழுங்கிவிட வேண்டாம். இதுவரை தெரியாதது இப்போது தெரிந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது என்று உரையாடல் ஆய்வாளர் ஜான் ஹெரிடேஜ் 1984இல் விரிவாக எழுதியிருக்கிறார். வெறும் "ஓகே" வந்தால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். பேசியவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை விளக்க ஆரம்பிப்பார்.