மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பேர்: அமெரிக்கக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி தேடுவது எப்படி?

ஜே-1 விசாவில் ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) முடித்த நம்மூர் டாக்டர்கள் பலர், ஊர் திரும்பாமல் அமெரிக்காவிலேயே இருக்க வேண்டுமென்றால், மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாக வேண்டும். டல்லாஸ், சிகாகோ என்று நினைத்திருந்த குடும்பம், பெயரே கேள்விப்படாத ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போய் இறங்குவது இப்படித்தான். வீடு பார்க்கும்போதே "பிள்ளைக்கு எந்த ஸ்கூல்?" என்ற கேள்வி வந்துவிடும். உடனே கூகுளில் தட்டி, அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு கட்டிவிடுகிறோம். பெரிய புறநகர்ப் பள்ளிகளுக்கு அது ஓரளவு சரிப்பட்டு வரும். கிராமத்துக்கு வராது.

உதாரணத்துக்கு மிசூரியின் தென்கோடியில், ஆர்கன்சா எல்லையை ஒட்டியிருக்கும் ஹவெல் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தமே நாற்பதாயிரம் பேர்தான். தலைநகர் வெஸ்ட் பிளெயின்ஸ்.

படி 1: முதலில் எல்லையைப் பாருங்கள்

மேரிலாந்தில், ஃபுளோரிடாவில் இருந்து வருகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே கவுண்டி முழுக்க ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளிகளை நடத்தும் நிர்வாகம். மிசூரியில் அப்படி இல்லை. வெஸ்ட் பிளெயின்ஸ் நகரத்துக்கென்று ஒரு டிஸ்ட்ரிக்ட். அதைச் சுற்றி ஃபேர்வியூ, கிளென்வுட், ரிச்சர்ட்ஸ், ஹவெல் வேலி, ஜங்ஷன் ஹில் என்று குட்டிக் குட்டி டிஸ்ட்ரிக்டுகள். இவற்றில் கின்டர்கார்டன் முதல் 8ஆம் வகுப்பு வரைதான். 9ஆம் வகுப்புக்குப் பிள்ளைகள் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள்.

வீட்டு விளம்பரத்தில் "வெஸ்ட் பிளெயின்ஸ்" என்ற முகவரி இருக்கும், பள்ளி வேறாக இருக்கும். தபால் எல்லை வேறு, பள்ளி எல்லை வேறு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போன் செய்து, கதவு எண்ணோடு முகவரியைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

படி 2: தலையை எண்ணுங்கள்

தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம், அதாவது என்சிஇஎஸ், தன் இணையதளத்தில் நாட்டின் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் தேடும் வசதி வைத்திருக்கிறது. மாநிலம், கவுண்டி இரண்டையும் கொடுத்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு இந்தத் தாள் வேண்டும்.

ஆசிரியர்-மாணவர் விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால், 12 என்று போட்டிருக்கிற பள்ளியில் வகுப்புக்கு 20 பேர் உட்கார்ந்திருக்கலாம். அதே பக்கத்தில் இலவச மதிய உணவு எண்ணிக்கையும் இருக்கும். தகுதியுள்ள பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் திட்டம் ஒன்று உண்டு. அதனால் அந்த எண்ணை வைத்து ஏழ்மையை அளந்துவிட முடியாது.

படி 3: சதவீதத்தை உடைத்துப் பாருங்கள்

எல்லோரும் வழுக்கி விழுவது இங்கேதான். 2015இல் வந்த மத்தியச் சட்டப்படி 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு வருடமும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும். மிசூரியில் அதற்கு மேப் தேர்வு என்று பெயர். முடிவுகள் மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டில் கிடைக்கும்.

ஒரு கற்பனைப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் 18 பேர். கணக்கில் 9 பேர் தேர்ச்சி, அதாவது 50 சதவீதம். அடுத்த வருடம் 11 பேர், 61 சதவீதம். பார்க்கிறவருக்கு ஏதோ பெரிய பாய்ச்சல் போலத் தெரியும். நடந்தது என்ன? கூடுதலாக இரண்டு பிள்ளைகள் பாஸாகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கணக்கில் கெட்டி ஒருத்தியின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலானாலே இரண்டு மூன்று சதவீதம் கீழே போய்விடும்.

அதனால் ஒரு வருட மார்க்கைத் தொடாதீர்கள். மூன்று வருடத்துக்குத் தேர்வு எழுதியவர்களையும் தேர்ச்சி பெற்றவர்களையும் தனித்தனியாகக் கூட்டி, அப்புறம் வகுத்துப் பாருங்கள். அப்படியும் இரண்டு சிறு பள்ளிகளுக்கு நடுவே பத்து சதவீத வித்தியாசம் என்றால், நான் அதைச் சமம் என்றே வைத்துக்கொள்வேன். சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருக்கும். பிள்ளைகள் மிகக் குறைவாக இருப்பதால், யாருடைய மார்க் என்று தெரிந்துவிடக் கூடாதென்று மறைத்திருக்கிறார்கள். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

வருகைப் பதிவை மட்டும் விடாமல் பாருங்கள். பத்து சதவீத நாட்களுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு, பள்ளியின் அன்றாடத்தைப் பற்றி மார்க்கைவிட அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

படி 4: வாரத்துக்கு எத்தனை நாள்?

சிரிக்காதீர்கள், நிஜமான கேள்விதான். மிசூரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிஸ்ட்ரிக்டுகள் வாரத்துக்கு நான்கு நாள்தான் நடக்கின்றன, பெரும்பாலும் கிராமங்களில். சம்பளத்தில் பெரிய ஊர்களோடு போட்டி போட முடியாத பள்ளிகள், ஆசிரியரைப் பிடித்து வைக்கக் கண்டுபிடித்த வழி இது. நாள் குறைந்த அளவுக்கு மணி நேரம் நீளும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடென்றால் அந்த ஐந்தாம் நாள் பிள்ளையை யார் பார்ப்பது என்று இப்போதே யோசித்துவிடுங்கள்.

படி 5: "வீட்டில் என்ன மொழி?"

சேர்க்கையின்போது ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதற்குப் பயந்து "ஆங்கிலம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஆங்கிலம் நன்றாக வந்தால் பிள்ளை அந்தத் தேர்வோடு வெளியே வந்துவிடும், வராவிட்டால் உதவி கிடைக்கும். இங்கே நீங்கள் கேட்க வேண்டியது வேறு: ஆங்கிலம் கற்பிக்கும் தனி ஆசிரியர் இந்தப் பள்ளியிலேயே இருக்கிறாரா, எப்போதாவது வந்து போகிறவரா?

படி 6: பஸ் போகும் பாதையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு, பார்த்து வைத்த வீட்டிலிருந்து பள்ளி வரை ஓட்டிப் பாருங்கள். ஓசார்க்ஸ் மலைப் பகுதியில் பல இடங்களில் சாலை ஓடைக்கு மேலே தரைப்பாலமாகப் போகும். நல்ல மழை பெய்தால் தண்ணீர் அதன் மேல் ஏறிவிடும். பனிக்காலத்தில் "ஸ்நோ ரூட்" என்று ஒன்று அறிவிப்பார்கள். அன்று பஸ் தார்ச்சாலையோடு நின்றுகொள்ளும், ஜல்லி ரோட்டுக்குள் வராது. பிள்ளையை மெயின் ரோடு வரை நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

திரும்பும் வழியில் பள்ளி அலுவலகத்தில் இறங்கி, நம் வீட்டுக்கு ஸ்நோ ரூட் நிறுத்தம் எது, பிள்ளை பஸ்ஸில் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டு, படி 2இல் எழுதிய அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.