பஜாவ் கல்யாணத்துக்குப் போகிறீர்களா? யாரை எப்படிக் கூப்பிடுவது, எப்போது என்ன செய்வது

மலேசியாவின் சபா மாநிலத்துக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாளிலேயே உங்கள் மேசைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துவிடும். சரியாகப் பழகிக்கூட இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் கூப்பிடுவார்கள், அது இந்த ஊர் வழக்கம். பஜாவ் குடும்பத்துக் கல்யாணம் என்றால் தயங்காமல் போங்கள். மலாய் அரைகுறையாகத்தான் வரும் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. வாக்கியம் தப்பாக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் பெரியவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். அதனால் சடங்கையும் அழைப்புச் சொற்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: எந்தப் பக்கத்துக் கல்யாணம்?

சபாவின் பூர்வகுடிகளில் கடசான் டூசுன் மக்களுக்கு அடுத்த பெரிய சமூகம் பஜாவ், பெரும்பாலும் முஸ்லிம்கள். மேற்குக் கரையில் கோத்தா பெலுட், துவாரான் பக்கம் இருப்பவர்கள் நெல்லும் மாடும் குதிரையுமாக வாழ்ந்தவர்கள். கிழக்கே செம்பூர்ணா பக்கத்தவர்களுக்குக் கடல்தான் வாழ்க்கை. இரு தரப்பின் தாய்மொழியும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமில்லை, சந்தித்தால் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். ஆகவே உங்களுக்கும் மலாய் போதும்.

கோத்தா பெலுட் என்றால் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 70 கி.மீ., காரில் போய்விடலாம். செம்பூர்ணா என்றால் தாவாவுக்கு விமானம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ரோட்டுப் பயணம்.

படி 2: பத்திரிகையை மெதுவாகப் படியுங்கள்

பத்திரிகையின் நடுவில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: டத்தோ, டத்தின், துவான், புவான், என்சிக், சிக். அழைக்கப்படுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குரிய மரியாதைச் சொல் விட்டுப்போகக் கூடாது என்று எல்லாவற்றையும் வரிசையாக அச்சடித்துவிடுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, பத்திரிகையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். காலை 11 முதல் மாலை 4 வரை என்று போட்டிருந்தால் அது விருந்து நேரம். இடையில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். நிக்காஹ் பெரும்பாலும் அதற்கு முன்பே, நெருங்கிய உறவுகளோடு நடந்து முடிந்திருக்கும்.

படி 3: அழைப்புச் சொற்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் பெயர். ரஹ்மான் பின் இஸ்மாயில் என்றால் இஸ்மாயிலின் மகன் ரஹ்மான். கூப்பிடும்போது என்சிக் ரஹ்மான் என்றுதான் சொல்ல வேண்டும். என்சிக் இஸ்மாயில் என்றால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். இனிஷியலில் அப்பா பெயர் வைக்கும் நமக்கு இது உடனே பிடிபட்டுவிடும். பெண்ணுக்கு 'பின்' இருக்கும் இடத்தில் 'பிந்தி' வரும். எழுத்தில் இருக்கும் என்சிக்கின் கடைசி 'க்' வாயில் முழுசாக வராது, தொண்டையிலேயே நின்றுவிடும்.

என்சிக் ஆண்களுக்குப் பொதுவான மரியாதைச் சொல். புவான் மணமான பெண்ணுக்கு, சிக் மணமாகாத பெண்ணுக்கு. துவான் இன்னும் ஒரு படி மேலே: அதிகாரிகளுக்கும், எழுத்தில் ஆண்கள் எல்லோருக்கும். மக்காவுக்கு ஹஜ் போய் வந்தவர் என்றால் துவான் ஹாஜி, பெண்ணானால் புவான் ஹாஜா. கம்பத்து (கிராமத்து) கல்யாணங்களில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களை வெறும் என்சிக் என்று அழைத்தால் கோபப்பட மாட்டார்கள், ஆனால் துவான் ஹாஜி என்றால் முகம் மலரும். ஆசிரியராக இருந்தவர் ஓய்வு பெற்று எத்தனை வருஷம் ஆனாலும் சிக்கு தான்.

அப்புறம் பட்டங்கள். டத்தோவின் மனைவி டத்தின். துன் என்பது நாட்டின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்று, மனைவி தோ புவான். பஜாவ் மக்களிடையே துன் பட்டம் பெற்றவர்கள் உண்டு: கோத்தா பெலுட்டின் துன் சைட் கெருவாக், செம்பூர்ணாவின் துன் சக்காரான் டண்டாய். இருவருமே சபாவின் முதலமைச்சராகவும் ஆளுநராகவும் இருந்தவர்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்தால் ஒய்.பி. (யாங் பெர்ஹோர்மாட், மாண்புமிகு) என்றே கூப்பிடுவார்கள். சபாவுக்கே உரியது ஓ.கே.கே.: ஓராங் காயா காயா என்பதன் சுருக்கம், பூர்வகுடி நீதிமன்றத் தலைவருக்குரியது. இந்த மூன்றெழுத்தைத் தெரிந்து வைத்திருந்தாலே உங்களைப் பாதி உள்ளூர்க்காரராக ஏற்றுக்கொள்வார்கள்.

பட்டமும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லையா? உறவுமுறைக்குப் போய்விடுங்கள். அப்பா வயது என்றால் பாக் சிக், அம்மா வயது என்றால் மாக் சிக், அண்ணன் வயது அபாங், அக்கா வயது காக்காக், சின்னவர்கள் அடிக். கடைகளில் எல்லோரையும் போஸ் என்று கூப்பிடும் பழக்கம் சபாவில் உண்டு. கல்யாண வீட்டுப் பெரியவரிடம் அது வேண்டாம்.

இனி 'நீங்கள்'. மொழிபெயர்ப்புச் செயலியில் தேடினால் அண்டா என்று வரும். அது விளம்பரத்துக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் ஆன சொல், நேரில் பேசும்போது ஒட்டாது. அவாக் சம வயதினருக்கு. காமு, காவ் இரண்டும் பெரியவர்களிடம் கூடவே கூடாது. நான் சொல்லும் வழி எளிது: 'நீங்கள்' என்பதையே விட்டுவிட்டு, அழைப்புச் சொல்லை அந்த இடத்தில் வையுங்கள். "பாக் சிக் சூடா மாக்கான்?" அதாவது, "மாமா சாப்பிட்டாச்சா?" வீட்டில் நாம் பேசுவதும் இப்படித்தானே. உங்களைப் பற்றிச் சொல்ல எப்போதும் சாயா. ஆக்கு நெருங்கிய நண்பர்களிடம் மட்டும்.

படி 4: வாசலில்

அடக்கமான உடை போதும். பெண்களுக்கு சேலை, சுடிதார் எதுவும் சரி. செருப்பை வாசலிலேயே விடுங்கள். வாசலில் நிற்கும் வீட்டாரிடம் சலாம்: இரு கைகளாலும் அவர் கையை லேசாகத் தொட்டு, பிறகு வலது கையை நெஞ்சில் வைப்பது. எதிர்பாலினர் என்றால் அவர் கை நீட்டினால் மட்டும் நீட்டுங்கள். இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாலே மரியாதைதான். முஸ்லிம் அல்லாதவர் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்ல வேண்டிய அவசியமில்லை, செலாமாட் தெங்ஙா ஹாரி போதும்.

உள்ளே பெரியவர்கள் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது உடம்பைக் கொஞ்சம் குனித்து, வலது கையைத் தாழ நீட்டி, "தும்பாங் லாலு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். இதை வீட்டில் ஒருதரம் நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். எதையாவது காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல் வேண்டாம், விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுங்கள்.

படி 5: சடங்குகள்

நிக்காஹைப் பார்க்கக் கூப்பிட்டால் பெரிய மரியாதை, அமைதியாக உட்காருங்கள். பெண்ணின் தந்தையோ அவர் சார்பில் இமாமோ மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு வாக்கியம் சொல்வார். மாப்பிள்ளை தயங்காமல் தெளிவாக மறுமொழி சொல்ல வேண்டும். சாட்சிகள் "சா" (செல்லும்) என்று சொன்னால் கல்யாணம் முடிந்தது. நாக்கு குழறினால் மறுபடி சொல்ல வைப்பார்கள். யாரும் கேலி செய்வதில்லை, நீங்களும் சிரிக்க வேண்டாம்.

மாஸ் காவின் என்பது மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை. அதோடு பெரியான் என்று ஒன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகும். முன்பு எருமை, நிலம் என்று கொடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் பணம். பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கிக் கல்யாணம் செய்யும் ஊரிலிருந்து வந்த எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். எவ்வளவு என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள்.

மேற்குக் கரைக் கல்யாணத்தில் கண்ணை எடுக்க முடியாதது உடை. மணமக்கள் போடும் நீளக் கைச் சட்டை பாடு சம்பிட், ஓரங்களில் பொன்னிற வேலைப்பாடு. மணப்பெண் கீழே உடுத்துவது ஓலோஸ் பெராங்கிட், கையால் நெய்த துணி. தலையில் பொன்னிற சரெம்பாக். மாப்பிள்ளை தலையில் கட்டுவது டஸ்தார். கோத்தா பெலுட் பக்கத்து பஜாவ், இரானுன் பெண்கள் தறியில் நெய்யும் துணி இது. கட்டங்களுக்குள் கட்டங்களாகச் சின்னச் சின்ன உருவங்கள் இருக்கும். கிட்டே போய்ப் பார்க்க ஆசை வரும். பாருங்கள், ஆனால் அடுத்தவர் தலையில் இருப்பதைத் தொடக் கூடாது.

வசதிப்பட்டால் மாப்பிள்ளை குதிரையில் வருவார். குதிரைக்கும் வண்ணத் துணியும் மணிகளும் உண்டு. இப்போது கார்தான் அதிகம் என்பதால், குதிரை வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெத்திதிக் என்ற வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கும்: வரிசையாக வைத்த சின்னச் சேகண்டிகளான குலிந்தாஙான், தொங்கவிட்ட பெரிய சேகண்டிகள், முரசு. வரவேற்புக்கு லிம்பாய் நடனம். செம்பூர்ணா பக்கம் போனால் ஆட்டம் இகால். பாதம் அதிகம் நகராது, விரல்கள்தான் பின்னோக்கி வளைந்து வளைந்து பேசும். ஆடுகிறவருக்கு விருந்தினர் நோட்டு கொடுப்பார்கள், நீங்களும் கொடுக்கலாம்.

பெர்சாண்டிங் என்பது மணமக்கள் அலங்கார மேடையில் உட்காருவது. மேலே வந்து பன்னீர் தெளிக்கச் சொன்னால் போங்கள், பக்கத்திலிருப்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். மணமக்களிடம் சொல்ல வேண்டியது: "செலாமாட் பெஙாந்தின் பாரு".

படி 6: சாப்பாடு, விடைபெறுதல்

வலது கையால் சாப்பிடுங்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெஞ்சாராம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் பொரித்த பலகாரம். நடுவில் அதிரசம் மாதிரி மெத்தென்று, ஓரத்தில் முறுமுறுவென்று இருக்கும்.

பணத்தை உறையில் போட்டு, கிளம்பும்போது சலாம் சொல்லிக்கொண்டே வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் நீட்ட வேண்டாம். "சாயா மிந்தா டீரி டுலு, பாக் சிக்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சொல்லாமல் போனால் வருத்தப்படுவார்கள்.

மணப்பெண் உங்களோடு வேலை பார்ப்பவர் என்றால் ஒன்று பாக்கி இருக்கிறது. விடுப்பு முடிந்து அவர் வரும்போது சிக் நூருல் என்று கூப்பிட்டது புவான் நூருல் ஆகிவிட வேண்டும். கணவர் பெயரைச் சேர்க்காதீர்கள், அவர் பெயரும் அப்பா பெயரும் அப்படியேதான் இருக்கும்.